நாற்காலிக்குப் பின்னால் ஒரு முகம்

அச்சக முதலாளியின் ஓவியம், சுவரில் மாட்டிய வாரமே கொட்டாவி விட்டது. முதலில் பார்த்தவர் காகித வியாபாரி. பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முதலாளிக்குத் தங்கமான மனுஷர் என்று பெயர். முடியாது என்று யாரிடமும் சொல்லமாட்டார். எதற்கும் புன்னகையோடு "பார்க்கலாம்" என்பார். அந்தப் புன்னகையை நிரந்தரமாக்கத்தான் ஓவியரை வரவழைத்தார். பெரிய மனிதர்களின் படம் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் என்று எங்கோ பார்த்துவிட்டு அங்கேயே மாட்டவும் செய்தார். ஆகவே வந்தவர் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அவரைத் தவிர. கீழே இருந்த முகம் நலம் விசாரிக்கும். மேலே இருந்தது உதட்டைச் சுழிக்கும். அங்கே வேலை செய்தவர்களோ மூலத்தையும் அச்சையும் வரிக்கு வரி ஒப்பிட்டே பழகியவர்கள். எது மூலம், எது பிழை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புத்தகம் தைக்கும் பெண் நிறைமாதத்தில், பிரசவம் முடிந்து வரும்வரை தன் இடம் இருக்குமா என்று கேட்டாள். புருஷன் எங்கே போனான் என்று தெரியாது. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"உன் இடம் எங்கம்மா போயிடப்போகுது? நிம்மதியா போயிட்டு வா."

அவள் அவர் தலைக்கு மேலே பார்த்தாள். படம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வெளியே வந்தவள் பிறகு அச்சகத்துப் பக்கம் வரவில்லை. அடுத்த வருஷத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஆள் குறைந்த பிறகுதான் முதலாளி திரும்பிப் பார்த்தார். ஓவியர் வந்து உதட்டைத் திருத்தினார். வர்ணம் காய்வதற்குள் உதடு மறுபடி சுழித்துக்கொண்டது. "கழட்டித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. தன் படத்தைத் தானே கழற்றுவதா? அதற்குப் பதிலாக, படத்தைக் கண்காணிக்க நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மனிதருக்கு மூளை அவ்வளவுதான். அதன்பின் வருபவர்கள் அவர் பிடரிக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

தைக்க ஆளில்லாமல் புத்தகங்கள் தாள் தாளாகக் குவிந்தபோது அந்தப் புத்தகம் தைக்கும் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினார். வேறெந்த அச்சகமும் குழந்தையை உள்ளே விடாததால் அவளும் வேலையில்லாமல்தான் இருந்தாள். கைக்குழந்தையோடு வந்தாள்.

"உனக்காகத்தாம்மா இடத்தை வச்சிருக்கேன்" என்றது பிடரி.

படத்தின் நெற்றியில் வியர்வை வழிந்தது, கண்கள் கெஞ்சின. முதல்முறையாக அவளுக்கு அந்த மனிதரிடம் பயம் விட்டுப்போயிற்று.

"தைக்கிற அறையில குழந்தைக்குத் தொட்டில் கட்டணும். அப்பதான் வருவேன்."

"பார்க்கலாம்மா."

படம் பல்லைக் கடித்துக்கொண்டே தலையாட்டியது. அவள் உள்ளே போய்த் தொட்டிலைக் கட்டினாள்.