ஜெனிதாவின் ஆய்வேடு

ஹஸன் இறந்தபின், அவருடைய கடைசி ஆய்வு மாணவி ஜெனிதாவுக்கு வஜீஹாவை வழிகாட்டியாகப் போட்டார்கள். கணவனும் மனைவியும் ஒரே வரலாற்றுத் துறையில் இருந்ததால் அதுவே சுலபம் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் மயிலாப்பூர் கரையோரக் குப்பங்கள் எப்படி இருந்தன என்பதை ஜெனிதா தமிழிலேயே எழுதியிருந்தாள். அது ஹஸனின் பிடிவாதம். நம் கரையைப் பற்றி நாமே எழுதிவிட்டு, லண்டன்காரனுக்குப் புரிந்ததா என்று எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பார்.

துறைத்தலைவர் சித்தார்த்தன் காலனிய நீக்கம் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியவர். இரண்டும் ஆங்கிலம். இரங்கல் கூட்டத்தில் குரல் உடைந்து பேசியவரும் அவர்தான். ஆய்வேடு என்று வந்தபோது மட்டும், வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர் கட்டாயம், தமிழ் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது, ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள் என்றார்.

வஜீஹா விடவில்லை. கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து வேலைக்குத் திரும்பிய கையோடு, தமிழ் படித்த வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதினாள். ஒருவர் சம்மதித்தார். குழுக் கூட்டத்தில் ஹஸனின் பெயரைச் சொல்லியும் அழாமல் பேசி முடித்தாள். சித்தார்த்தன் ஒப்புக்கொண்டார்.

ஜெனிதாவிடம் அதைச் சொல்வதற்காகக் கேன்டீனுக்கே போனாள். கேட்டுவிட்டு ஜெனிதா தலையை நிமிர்த்தவில்லை.

"நான் இங்கிலீஷ்ல மாத்திக்கினு கீறேன் மேடம். மூணு சாப்டர் முடிஞ்சிச்சு."

"யார் சொன்னது? சித்தார்த்தனா?"

"யாரும் சொல்லல. ஹஸன் சார் லண்டன்ல படிச்சவரு. அவரு தமிழ்ல எழுதினா கொள்கைன்னாங்க. நான் எழுதினா, குப்பத்துப் பொண்ணு, இங்கிலீஷ் வரலன்னுவாங்க. இன்டர்வியூல போயி நான்தான மேடம் உக்காரணும்?"

வஜீஹா எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சார் இருந்தா திட்டியிருப்பாரு, இல்ல?"

"திட்டியிருப்பார்."

"திட்டிட்டு, அப்பறம் இன்னா சொல்லியிருப்பாரு?"

முடித்த அத்தியாயங்களை அனுப்பச் சொன்னாள் வஜீஹா, பார்த்துத் திருத்தித் தருவதாக.

ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்குப் பேருந்தில் நின்றபடியே வந்தாள். தமிழா ஆங்கிலமா என்ற இதே விஷயத்துக்காக அவளும் ஹஸனும் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறார்கள். அவருடைய வாதங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்தக் குரலும், நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும்கூட. ஆனால் ஜெனிதா கேட்டதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் புதிதாக ஒன்றும் இனிமேல் சொல்லப்போவதில்லை.