விட்டு விட்டு மிதித்த கால்

லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருவதா என்று தீனதயாளன் ஒரு காலத்தில் சிரித்தான். நாமக்கல்லில் அவன் அப்பா லாரிகள் வைத்து ஓட்டியவர். அவனோ மீசை அரும்பும் முன்பே ஸ்டியரிங் பிடித்தவன். ஆசை ஆசையாக வாங்கிய காரும் லேசுப்பட்டதல்ல. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த இம்தியாஸும் இவனைப் போலவே கார்ப் பைத்தியம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் மைதானத்தில் இந்த மாதிரிக் கார்களை ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள், சேர்ந்து போகலாம் என்று அவர் கூப்பிட்டபோது இவன் நக்கலடித்தான்.

"எனக்கெதுக்குங்க பாய் அதெல்லாம்? வேணும்னா நான் வந்து அவங்களுக்குச் சொல்லித் தாரேன்."

அப்படிப் பேசிய சூட்டோடுதான் மோகனூர் ரோட்டில் அந்த விபத்து நடந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமி மொபெட்டில் பால் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர். அன்று காலையில் அவர் ரோட்டைத் தாண்டி முடிக்கிற நேரத்தில் தீனதயாளனின் கார் மொபெட்டின் பின்சக்கரத்தில் இடித்தது. தொடையெலும்பு முறிந்தது. கம்பி வைத்துப் பிழைத்து எழுந்தார் என்றாலும் வலது கால் குட்டையாகிப் போனது.

"பிரேக் அடிச்சனுங்க, நிக்கல" என்று தீனதயாளன் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல. அவனே அதைத்தான் நம்பினான். அவன் மிதித்தே நிற்கவில்லையென்றால் எதிராளிதான் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஊரும் முடிவு கட்டிவிட்டது. சின்னுசாமிக்குப் பார்வை மங்கிவிட்டது என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். அவர் மனைவி பாப்பாயி மொபெட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். "கண்ணு தெரியாத மனுசனுக்கு வண்டி ஒரு கேடா?" என்று அவள் திட்டாத நாளில்லை. தீனதயாளனை எங்கே பார்த்தாலும், "என்னால உங்களுக்குச் சங்கடமாப் போச்சுங்க மாப்ள" என்பார் சின்னுசாமி. இவனும் பெரிய மனது பண்ணி, "அத உடுங்க மாமா" என்பான். இடித்தவன் இடிபட்டவரை மன்னித்துக்கொண்டு திரிந்தான். அந்தத் திமிரை என்னவென்று சொல்வது!

விபத்துக்குப் பிறகு அவனுக்குக் கார்மேல் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. அதைப் போக்கத்தான், இம்தியாஸ் மறுபடி கூப்பிட்டபோது வாயை மூடிக்கொண்டு கூடப் போனான்.

பயிற்சி கொடுத்தவள் தமிழ்ச்செல்வி. பந்தயங்களில் ஓட்டியவள். தரையில் தண்ணீர் அடித்து, தூரத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை நிறுத்தி வைத்திருந்தாள். வேகமாக வந்து, அவள் கை காட்டியதும் பிரேக்கை மிதித்து, கூம்புக்கு முன்னால் நிற்க வேண்டும்.

தீனதயாளன் வந்தான், மிதித்தான். காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிர்ந்தது. கால் தானாக மேலே எழும்பியது, மறுபடி மிதித்தது, மறுபடி எழும்பியது. கூம்பு பறந்து போய் விழுந்தது.

"லாரியில பழகுனீங்களா?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

"ஆமாங்க."

"பழைய லாரியில ஒரே மிதியா மிதிச்சா சக்கரம் சுத்தாமப் பூட்டிக்கிட்டு வண்டி இழுத்துட்டுப் போயிருமுங்க. அதனால விட்டு விட்டு மிதிப்பாங்க. இந்தக் காரு அந்த வேலைய அதுவே பாத்துக்கும். பெடல் அதிருதுன்னா பிரேக் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்க காலை எடுத்தீங்கன்னா பிரேக்கையே எடுத்துட்டீங்க. அழுத்திப் புடிச்சுட்டு ஸ்டியரிங்கத் திருப்புங்க, திரும்பும்."

மறுமுறை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுக்காமல் வைத்திருந்தான். கார் நின்றது. கூம்புக்கும் காருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டியே போகலாம் போல இடம் கிடந்தது. இம்தியாஸ் கைதட்டினார். தீனதயாளனோ காரைவிட்டு இறங்காமல் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான். மோகனூர் ரோட்டிலும் இதே அதிர்வு வந்தது. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்தான். ஒருதரமல்ல, பலதரம். அவ்வளவு வேகத்தில் அந்த ரோட்டில் வந்ததே தப்பு, வந்தும்கூட நின்றிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் இம்தியாஸ் சொல்லிப் பார்த்தார். "முடிஞ்சு போனதக் கிளறி என்ன ஆகப் போவுது தீனா? அந்த மனுசனுக்குக் கால் வளரப் போவுதா?"

"கால் வளராதுங்க பாய். பழியாவது எறங்கட்டும்."

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் சின்னுசாமி தோட்டத்தில் போய் இறங்கினான். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாப்பாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். லாரிப் பழக்கம், விபத்துக்கு முன்பே பயிற்சிக்குக் கூப்பிட்டும் போகாதது, அதிர்ந்த பெடல், காலை எடுத்தது, இன்று நின்றது, எதையும் மறைக்கவில்லை.

"தப்பு எம்மேலதானுங்க மாமா. உங்க கண்ணுல ஒண்ணுமில்ல."

சின்னுசாமி ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்றிருந்தது இவனுக்கு.

"நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தானுங்க மாப்ள ரோட்டுல ஏறுனேன்" என்றார் கடைசியில். "காரு எங்கியோ தூரத்துல வந்துச்சு. ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். ஆரும் நம்பல. எல்லாருஞ் சொல்லச் சொல்ல, நெசமாவே நான் பாக்கலியோன்னு எனக்கே ஆயிருச்சு. நம்ம கண்ண நாமளே நம்பாமக் கெடந்தனே."

பாப்பாயியின் கையிலிருந்த வாளி சாய்ந்து தண்ணீர் மண்ணில் ஓடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அந்தப் படிப்பு எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்லிவிடலாமா என்று தீனதயாளனுக்குத் தோன்றியது. மாதக்கணக்கில் படிக்க வேண்டும் என்று சொன்னால் இவளுக்கும் கொஞ்சம் ஆறுதல், தனக்கும் கொஞ்சம் ஆறுதல்.

"ஒரு நாளுங்க அத்த" என்றான்.

"ஒரு நாளா!"

அவள் அவனைத் திட்டவில்லை. கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்து, புருஷனின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க கெளம்புங்க சாமி. நான் இவருகிட்டப் பேசோணும்."