பதினேழாம் நம்பர் கல்

ஹலித் வாசலில் நின்று குரல் கொடுத்தபோது ஜெலோஷ் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அந்த வாசலை மிதிக்காத ஆள் ஹலித். குரலைக் கேட்டதும் திராண்டே பால் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்தாள். ஜெலோஷ் எழுந்துபோய் வந்தவருடைய துப்பாக்கியை வாங்கி ஆணியில் மாட்டி, அடுப்பு ஓரமாக உட்கார வைத்தார். விருந்தாளி என்று வந்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

பழைய கணக்கு கொஞ்சமா? இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த ஒரு சோளக் கொல்லைக்காக ஜெலோஷின் அப்பாவைச் சுட்டது ஹலித்தின் சித்தப்பா. பதிலுக்கு இந்தப் பக்கத்தில் ஒருவன் அந்தப் பக்கத்தில் ஒருவனைச் சுட்டான். பெரியவர்கள் கூடி, எல்லையைச் சத்தியத்தில் முடிக்கலாம் என்றார்கள். எங்கள் மலையில் எல்லைச் சத்தியம் என்றால் வாயால் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரு கல்லையும் ஒரு பிடி மண்ணையும் தோளில் தூக்கிக்கொண்டு எல்லை நெடுக நடக்க வேண்டும். பொய் என்றால் இந்தப் பாரம் மறுமையிலும் என் தோளை விட்டு இறங்காமல் போகட்டும் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். இருபத்தெட்டு வயது ஜெலோஷ் தூக்கினார். மேட்டில் நிற்கும் இரட்டை மரத்தோடு நின்றார். அதாவது கொல்லை ஹலித் ஊருக்குத்தான் சொந்தம் என்று, அப்பா செத்த ஈரம் காயும் முன்பே, சொந்த ஊருக்கு எதிராகச் சொன்னார். பெரியப்பாக்கள் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏழு ஊரில் ஜெலோஷ் சொன்னால் சொன்னதுதான்.

ஹலித் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "நாளன்னிக்கு துரைங்க வராங்க, கேள்விப்பட்டியா?" என்றார்.

"கேள்விப்பட்டேன். எல்லை போட வராங்க."

"உங்க ஊர் நிலம் எங்க முடியுதோ அங்க அல்பேனியா முடியுதாம். அதுக்கு அந்தாண்ட செர்பியாவாம். நம்பகமான ஒரு ஆளை வெச்சுக் கல்லைத் தூக்கச் சொல்லப் போறாங்க. உன் பேரைத்தான் சொல்லியிருக்காங்க."

ஜெலோஷுக்குப் புரிந்துவிட்டது. இரட்டை மரத்தில் அவர் நின்றால் ஹலித்தின் பள்ளத்தாக்கும் நாற்பது வீடும் அந்தப் பக்கம் போய்விடும். போன குளிர்காலத்தில் செர்பியப் பட்டாளம் வந்தபோது அதில் பதினோரு வீடு எரிந்தது, கோடையில்தான் திரும்பக் கட்டினார்கள். எரிந்த மறுநாள் அந்தப் புகை இவர் வீட்டுக் கூரை வரைக்கும் வந்தது.

"அந்தக் கொல்லை உங்களுதுன்னு சொல்லு," என்றார் ஹலித். "கொல்லை மட்டும் இல்ல. வீடு, மசூதி, எங்க ஆளுங்களைப் புதைச்ச இடம், ஓடை வரைக்கும் எல்லாமே உங்களுதுன்னு சொல்லு."

"அதுக்காகத்தான்யா எங்கப்பன் செத்தான்."

"தெரியும். சுட்டது எங்க சித்தப்பன்."

"அது எங்களுது இல்லன்னு கல்லைத் தூக்கிச் சொன்னது நான்."

"அதனாலதான் உன் வீட்டுப் படி ஏறி வந்திருக்கேன். வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

ஜெலோஷுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்பா உயிரைக் கொடுத்தும் வாங்க முடியாத நிலத்தை எதிராளியே கொண்டுவந்து மடியில் வைத்து, எடுத்துக்கொள் என்று கெஞ்சுகிறான். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்து, எல்லை மேடு வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் திராண்டே.

"பொய் சத்தியம் பண்ணினா மேல போய்க் காலமெல்லாம் அதைத் தூக்கிட்டு அலையணும்."

"அது தெரியும். நாப்பது வீட்டுப் பிள்ளைங்களையும் தெரியும். போகணும்னா போங்க. பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுதான் செஞ்சேன்னு மட்டும் நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு அவருடைய வெள்ளைத் தொப்பியை எடுத்துத் துவைக்கப் போனாள்.

இந்த எல்லைக்கெல்லாம் காரணம் ரயில். கடலே இல்லாத செர்பியா கடலுக்கு ஒரு ரயில் கேட்டது. கொடுக்கவே கூடாது என்றார் வியன்னா சக்கரவர்த்தி. கொடுத்தே ஆக வேண்டும் என்றார் ரஷ்யாவின் ஜார். கடற்கரை எங்களுடையது, கேட்டவனும் மறுத்தவனும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு தரப்பு இஞ்சினியர்களும் இரண்டு கோடைகாலம் சிவப்பு வெள்ளைக் கம்பங்களோடு வந்து அளந்து பார்த்தார்கள். மலையை விட்டு இறங்கிக் கடலுக்குப் போக ரயிலுக்குத் தோதான வழி ஒன்றுதான், அது ஹலித்தின் பள்ளத்தாக்கு. அந்த ஊர்க்காரர்கள் செய்த ஒரே தப்பு, தாத்தன் காலத்தில் ஓடைக்கரையில் வீடு கட்டியதுதான்.

துரைமார் கோவேறு கழுதைகளில் வந்தார்கள். மடக்கு நாற்காலி வந்தது, தகர டப்பாவில் மீன் வந்தது, கழுதைகளின் பின்னாலேயே ஒரு நாயும் வந்தது. வியன்னாவின் கர்னலுக்கும் ஜாரின் கர்னலுக்கும் யார் கழுதை முன்னே போவது என்பதிலேயே தகராறு. மொழிபெயர்ப்பாளன் ஷ்கோத்ரா பட்டணத்து பாலோக். ஐந்து பாஷை பேசுவான், ஐந்திலும் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டான்.

ஜெலோஷ் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தார். சின்னதாகப் பார்த்து எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டுக்குட்டி கனம் இருக்கும் கல்லைத்தான் எடுத்தார். பொய் சொல்வதிலும் அந்த மனுஷனுக்கு ஒரு நேர்மை. சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னார், மண்ணை மேலே வைத்துக்கொண்டார், நடந்தார்.

இரட்டை மரத்தடி வந்ததும் கால் தானாக நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தம்பி மிராஷ் பின்னாலிருந்து மெதுவாக, "நடண்ணே," என்றான். ஜெலோஷ் மரத்தைத் தாண்டிக் கால் வைத்தார். அப்பா விழுந்த கொல்லை வழியாக நடந்தார். மசூதியைத் தாண்டினார். ஹலித்தின் ஊர் ஆண்கள் வேலியோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒரு பெண் மட்டும் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடைக்கரையில் கல்லை இறக்கி ஊன்றினார். எதிர்த்தரப்பில் யாருக்காவது மறுப்பு உண்டா என்று பாலோக் கேட்டான்.

"இல்ல," என்றார் ஹலித். "எல்லாம் அவங்களுதுதான். நாங்க சும்மா குடியிருக்கோம்."

அந்த வார்த்தையைச் சொல்ல ஹலித்துக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று ஜெலோஷுக்கு மட்டும்தான் தெரியும். வியன்னாவின் கர்னல் கண் கலங்கி, ஜெலோஷின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜாரின் கர்னல் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். மூன்று நாள் இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள், ஆளுக்கொரு குதிரைக்காரனைத் தந்தி ஆபீசுக்கு விரட்டினார்கள், பிறகு கிளம்பிப் போனார்கள். பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஜெலோஷ் மாதாகோயிலுக்குப் பாவமன்னிப்பு கேட்கப் போகவில்லை. தப்பு செய்தேன் என்று சொல்லலாம், வருத்தப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வருத்தம் இல்லையே. நாற்பது வீட்டிலும் புகை எழும்புவதைக் காலையில் மேட்டில் நின்று பார்ப்பார். அதுதான் அவருக்குப் பூசை.

பனி உருகியதும் பாலோக் வந்தான். எல்லை முடிவாகிவிட்டது என்றான். இரட்டை மரம்.

ஜெலோஷ் அவனுக்குக் கோப்பையில் ராக்கிச் சாராயம் ஊற்றி வைத்தார். பிறகு, "என்னை நம்பலையா?" என்றார்.

"நம்பாமலா? நம்பினதாலதான் பெரியவரே நல்ல விலை போச்சு." பாலோக் ராக்கியை ஒரு மடக்கு குடித்தான். "பள்ளத்தாக்கை விடவே முடியாது, ஏழு ஊர் நம்பற மனுஷன் சத்தியம் பண்ணியிருக்கான்னு வியன்னா துரை நீங்க சொன்னதை எழுதின காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அசையல. அது இல்லாட்டி சும்மா கொடுத்திருப்பாங்க. கடைசியில பள்ளத்தாக்கு செர்பியாவுக்கு, ரயிலும் அவங்களுக்கு. பதிலுக்கு ரயில் போய் முடியற துறைமுகத்துல அவங்க சிப்பாய் ஒருத்தன்கூட நிக்கக் கூடாது. அதுக்கு மேல பதினோரு கிலோமீட்டர் கடற்கரை இந்தப் பக்கம்."

"பதினோரு கிலோமீட்டர்ல எத்தனை வீடு?"

"வீடா? சதுப்பு நிலம். கொசுதான் இருக்கு."

நம்பாமல் போயிருந்தால்கூட ஜெலோஷுக்கு மனசு ஆறியிருக்கும். நம்பி, எடை போட்டு, விற்றுவிட்டார்கள். அப்பா செத்தபோதுகூட அப்படி ஒரு வெறி அவருக்கு வந்ததில்லை. யாரைச் சுடுவது? அதுதான் தெரியவில்லை. திராண்டே பாலோக்கின் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விருந்தாளிக்கு அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஒரு எண்ணம்தான் மிச்சம் இருந்தது. பொய்யாக ஊன்றிய கல்லைப் பிடுங்கிக் கொண்டுவந்து இரட்டை மரத்தடியில் ஊன்றிவிட்டால், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டால், ஒருவேளை பாவம் கழியும். மறுநாள் காலையில் மேட்டுக்குப் போனார். முள்கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு செர்பியச் சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். ஓடையைக் காட்டினார், தோளைத் தட்டிக் காட்டினார், விரலால் ஒரே ஒரு கல் என்று காட்டினார். அவன் ஒரு தாளை எடுத்து ஆட்டிக் காட்டினான். அந்த மாதிரித் தாள் இல்லாமல் போக முடியாதாம்.

கொல்லையில் நின்ற ஹலித் பார்த்துவிட்டுக் கம்பி வரைக்கும் வந்தார். ஒரு குளிர்காலத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது அவருக்கு.

"எதுக்கு வந்தே?"

"கல்லை எடுக்க வந்தேன். நீ தூக்கிக் கொண்டாந்து கொடுத்துடு. இந்த ஓரத்துல வெச்சாப் போதும்."

ஹலித் தலையை ஆட்டினார். "போன வாரம் ரயில்காரன் வந்து அதுல சிவப்புப் பெயிண்ட் அடிச்சுட்டான். பதினேழாம் நம்பராம். அதை வெச்சுத்தான் தண்டவாளத்துக்கு அளக்கிறானாம். தொட்டா ஜெயிலு." சிப்பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ராவோட ராவா எடுத்துட்டு வரவா? சொல்லு, வரேன்."

ஜெலோஷ் நாற்பது வீட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

"வேணாம். விடு."

"உன்னைக் கெடுத்துட்டேன்யா நான்."

"விடுன்னா விடு. இந்தக் கொல்லை என்ன ஆகுதாம்?"

ஹலித் காலடி மண்ணைப் பார்த்தார். "ஸ்டேஷன் கட்டப் போறாங்களாம்."

ஜெலோஷ் வீடு திரும்பினார். திராண்டே வாசலிலேயே நின்றிருந்தாள், வெறும் கையைப் பார்த்ததும் விலகி வழி விட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வலது தோளை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டு, "பதினேழு," என்றார்.

"என்னது?"

"மேல போனா எந்தக் கல்லுன்னு கேப்பாங்கல்ல? நம்பர் தெரிஞ்சிருக்கணும்."