நான் எழுதாமல் விட்ட ஆயில் டப்பா

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு பத்திரிகையில், 'கலப்படம்' என்ற தலைப்பில். நன்றாக இருந்தது என்றார்கள். நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு காலி ஆயில் டப்பாவைக் கதையிலிருந்து தூக்கி வெளியே போட்டிருந்தேன். அதை உள்ளே வைப்பதற்காகத்தான் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் வரிக்குச் செய்த முயற்சிகள்:

'ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு மெக்கானிக் இருந்தார்…' (இருந்தார் இல்லை, இருக்கிறார். அடித்தேன்.)

'இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார், வயதான மனிதரைப் போல…' (இப்படி ஆரம்பிக்கிற ஆளை நானே நம்ப மாட்டேன்.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவேன். என் கார் பதினேழு வருடத்து வண்டி. சர்தார் பாஷாதான் ஆரம்பத்திலிருந்து அதற்கு சர்வீஸ் பார்த்து வந்தார். அந்த முறை நான் இன்ஜின் ஆயில் பற்றிப் பத்து வீடியோ பார்த்துவிட்டு அவரிடம் போனேன்.

"பாய், இந்தத் தடவை ஃபுல் சிந்தெடிக் ஊத்துங்க. சன்னமா இருக்குமே, அது."

"வேணாம் சார். நம்ம வண்டி ஓட்டம் ஜாஸ்தி. இன்ஜின்ல ரப்பர் சீல்லாம் காஞ்சி கெடக்குது. தண்ணி மாதிரி ஆயில் ஊத்துனா கசியும். எப்பவும் ஊத்துற கெட்டி ஆயிலே போதும்."

"வீடியோல எல்லாரும் அதான் சொல்றாங்க."

"வீடியோல பேசுறவரு நம்ம இன்ஜினைப் பாத்தாரா சார்?"

"நான் சொல்றத ஊத்துங்க பாய்."

(இந்தக் கடைசி வரி 'கலப்படம்' கதையில் கிடையாது.)

ஊற்றினார். புது டப்பாவின் சீலை என் கண்ணெதிரே உடைத்தார். ஊற்றி முடித்ததும் டப்பாவைக் கவிழ்த்து, ஸ்க்ரூடிரைவரால் அடியில் ஓங்கி ஒரு குத்து. காலி டப்பாவை எடுத்துப்போய் மட்ட ஆயில் நிரப்பி விற்கிறவர்கள் உண்டு. அதனால் எந்த டப்பாவையும் அவர் குத்தாமல் விட்டதில்லை. குத்தியதை என் கார் டிக்கியில் வைத்தார்.

"வாரா வாரம் இன்ஜின்ல இருக்குற ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பாருங்க சார். கம்மியாச்சுன்னா ஒரு போன் போடுங்க."

நான் ஒரு வாரம்கூடப் பார்க்கவில்லை.

3

இரண்டு மாதம் கழித்து வாணியம்பாடியிலிருந்து திரும்பும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். மின்னூர் அருகே இன்ஜின் கடகடத்து, இறுகி நின்றுவிட்டது.

கோபம் வந்தது. என் மேல் கோபப்படத் துணிச்சல் இல்லை. மெக்கானிக் மட்ட ஆயில் ஊற்றி ஏமாற்றினார் என்று அந்த வாரமே எழுதினேன். பெயர் போடவில்லை, பெரிய சாமர்த்தியம். 'பைபாஸ் ஓரம், பச்சை ஷட்டர், இடதுகைக்காரர்' என்று மட்டும் எழுதினேன். ஆம்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வாட்ஸப்பில் ஊர் சுற்றியது. பள்ளிக்கூட வேன்கள் வேறு கடைக்குப் போய்விட்டன.

(டிக்கியில் டப்பா கிடந்தது எனக்குத் தெரியும். அதை வைத்தால் கதை படுத்துவிடும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். இதை அடைப்புக்குறிக்குள் எழுதுவதும் கோழைத்தனம்தான்.)

டப்பாவின் மேல்பாகத்தை வெட்டி, என் மனைவி பூரணி அதில் கற்றாழை வைத்தாள். அடியில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காதாம். பத்திரிகை வந்ததும் படித்துவிட்டுக் கேட்டாள்: "பாய் நல்ல ஆயில்தானே ஊத்துனாரு? டப்பா இங்கதானே இருக்குது?"

"அது கதை, பூரணி" என்றேன். அவள் அதற்குப் பிறகு என் கதை எதையும் படிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: போய் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் டீ சொல்கிறார். இருவர் கண்ணும் கலங்குகிறது. (எனக்கு ரொம்ப வசதி. வேண்டாம்.)

முடிவு இரண்டு: நான் போவதற்குள் கடையை மூடிவிட்டு அவர் எங்கேயோ… (அழுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் கடை இருக்கிறது.)

போன சனிக்கிழமை நிஜமாகவே போனேன், கற்றாழையோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு. முன்பு நாலு கார் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. நான் சொல்லி முடிக்கும்வரை சர்தார் பாஷா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"நான் குத்துனதுதான்."

"தப்பு பண்ணிட்டேன் பாய்."

"நான் கலப்படம் பண்ணலன்னு எனக்குத் தெரியும் சார். எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? படிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

"எழுதுறேன் பாய். உங்க பேரு வராம பாத்துக்கிறேன்."

"போன தடவை பேரே போடல, ஊருக்கே தெரிஞ்சிது. இந்தத் தடவை போடுங்க."

5

போட்டுவிட்டேன். சர்தார் பாஷா, ஆம்பூர் பைபாஸ், பச்சை ஷட்டர். 'கலப்படம்' என்ற பொய்யை எழுதியவன் நந்தகோபால். இதை எழுதுகிறவனும் அவனே. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

முடிவு மட்டும் என் கையில் இல்லை. அன்று என்னை நம்பி அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தியவர் நீங்கள். இன்று மறுபடி எதற்கு நம்ப வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. டப்பாவை அவர் திருப்பித் தரவில்லை. கடை வாசலிலேயே வைத்திருக்கிறார், கற்றாழையோடு. என் எழுத்தை நம்ப வேண்டாம், போய் அதைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு அடுத்து எப்போது ஆயில் மாற்ற வேண்டும்?