மீன்கண் விழுந்த கறுப்பு

காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளுக்குக் கறுப்படித்துக் கண்ணாடிபோல் பளபளக்க வைப்பதில் கேரளத்து இரிஞ்ஞாலக்குடையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று வேலாயுதன் சொல்லிக்கொள்வான். கை கெட்டிக்காரக் கைதான். வாய்தான் அவனைக் கெடுத்தது.

மச்சினன் புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் இருபது பேர் நடுவே, "எங்க சௌதாமினி வண்டி எடுத்தா, மைதானத்துல நட்ட கம்பியெல்லாம் பயந்து தானா படுத்துக்கும்" என்றான். கம்பிகளுக்கு நடுவே காரைப் பின்னோக்கி ஓட்டி 'எச்' எழுத்துப் போடும் லைசென்ஸ் தேர்வில் அவன் மனைவி மூன்று முறை தோற்றிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாயை அவள் நாலு மாதமாக அவனிடம் திறக்கவில்லை. சோறு ஆகிவிட்டது என்பதைக்கூடப் பூனையிடம்தான் சொன்னாள்.

ஆடியில் கர்க்கடக மழை பிடித்ததும் ஸ்ப்ரே துப்பாக்கி பிடிக்கும் கையின் தோள் மடங்க மறுத்தது. ஏழு நாள் காலையில் தைலம் தேய்க்கச் சொன்னார் வைத்தியர். "தேய்ச்சுவிட ஆளிருக்கா?" என்று அவர் கேட்டபோது, சௌதாமினி சுவரைப் பார்த்துக்கொண்டு "நான் இருக்கேன்" என்றாள்.

முதல் நாள் பேச்சில்லை. இரண்டாம் நாள், "கையைத் தூக்குங்க." மூன்றாம் நாள், "இங்கயா வலி?"

"கொஞ்சம் கீழ."

இதை வைத்துக்கொண்டே அவன் அன்று பகல் முழுக்கச் சீட்டியடித்தான். வெட்கங்கெட்ட மனுஷன்.

அன்றுதான் லோனப்பன் சேட்டனின் கார்ப் பட்டைகளுக்குக் கறுப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் பேரனுக்கு ஞானஸ்நானம். அதற்குள் வண்டி வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்படித்து, மேலே பளபளப்புப் பூச்சும் ஏற்றினான். ஐந்தே நிமிடத்தில் பூச்சு அங்கங்கே விலகிப் பொடிப்பொடி வட்டக் குழிகளாக விழுந்தது. மீன்கண். எங்கேயோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்தான் இப்படி ஆகும்.

மழை ஈரம் என்று தனக்கே சமாதானம் சொல்லி, சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் மீன்கண். லோனப்பனுக்குப் போன் போட்டான்.

"சேட்டா, உள்ள என்ன பாலிஷ் போட்டுத் தேய்ச்சீங்க?"

"தண்ணியும் துணியும்தான்டா. உன் வேலை சொதப்பினா என் தலையில கட்டாத."

நாலாம் நாள் தைலம் முடிந்ததும் பயற்றுமாவு தேய்த்துக் குளித்தான். கையுறை மாட்டிக்கொண்டான். பட்டைமேல் குனிந்து தூசி பார்க்கும்போது முழங்கையிலிருந்து ஒரு வேர்வைத் துளி சொட்டியது. கறுப்பின்மேல் அது எண்ணெயாக மின்னியது. துடைத்துவிட்டு அடித்துப் பார்த்தான். மூன்றாம் முறையும் மீன்கண்தான்.

உடம்பில் ஊறிய தைலம்தான் சங்கதி என்று அவனுக்குப் புரிந்தது. சௌதாமினியிடம் சொன்னால் தைலத்தை நிறுத்திவிடுவாள். தைலம் நின்றால் "இங்கயா வலி?"யும் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டு உப்புத்தாளை எடுத்தான்.

மறுநாளும் காலையில் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மதியம் லோனப்பன் குடையோடு பட்டறைக்கு வந்து நின்றார்.

"என்னடா இது, மூணு நாளா உரசிட்டே இருக்க? உனக்குத் தொழில் மறந்துபோச்சா?"

"உங்க மேல பழி போட்டது தப்பு சேட்டா. என் உடம்புல இருக்கற தைலம்தான் பூச்சைக் கெடுக்குது."

"அப்ப தைலத்தை நிறுத்தித் தொலையேன்!"

"மாட்டேன்."

"தோள் அவ்வளவு வலிக்குதா?"

"தோளுக்காக இல்ல சேட்டா." வேலாயுதன் உப்புத்தாளைப் பார்த்தபடி சொன்னான். "தேய்ச்சுவிடும்போதுதான் அவ என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறா."

லோனப்பன் வாசலைப் பார்த்தார். கர்க்கடக மருந்துக் கஞ்சித் தூக்கோடு சௌதாமினி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. "சனிக்கிழமை வரேன்டா" என்று அவர் அவசரமாகக் குடையை விரித்தார்.

அவள் தூக்கை வைத்துவிட்டு ஒரு பட்டையை எடுத்து, சுரண்டாமல் மிச்சமிருந்த குழிகளை விரலால் தடவினாள்.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"மூணு."

"மூணும் ஃபெயிலா?"

"மூணும்."

"பந்தியில சொல்லட்டுமா?"

"சொல்லு. அன்னைக்கு நான் உன்னை அப்படிப் பேசினது தப்பு சௌதாமினி. அதையும் சேர்த்துச் சொல்லு."

அவள் பட்டையை மேசைமேல் வைத்தாள். கஞ்சியை ஊற்றினாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

"இனிமே தைலம் சாயங்காலம்தான். வேலை முடிஞ்சப்புறம்."

"அப்ப காலையில?"

"காலையில நான் வண்டி எடுத்துப் பழகறேன். பக்கத்துல வந்து உக்காருங்க." தூக்கை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "வாயைத் திறக்கக் கூடாது."