வெங்கச்சங்கல் தண்ணீர்

ஓங்கிய அம்மிக் குழவியைக் கெங்கம்மாள் போட மனசு வராமல் மறுபடியும் கீழே இறக்கினாள். தாம்பாளத்திலிருந்த கல்லை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உள்ளே குமிழி ஓடியது.

அந்தக் கல்லைப் பார்க்காதவர் திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் கிடையாது. அவள் அப்பா தாண்டவராயன், பாறை ஆராய்ச்சி ஆபீசர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு வடக்கே கூடாரம் கூடாரமாகத் திரிந்தவர். ஆதியில் வானத்துக் கல் விழுந்து பிளந்த பாறையாம். பிளவில் கண்ணாடிபோல் விளைந்த வெங்கச்சங்கல்லாம். அந்தக் காலத்துத் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டதாம். அவர் வைத்த ரசத்துக்கு மயங்கிய ஓர் ஆபீசர் கொடுத்தது. சாவுக்கென்று காசிச் செம்பை வாங்கி வைத்திருப்பவர்களைக் கண்டால் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

“கங்கையே இதுக்குக் கொள்ளுப்பேத்தி. என் வாயில இதத்தான் ஊத்தணும். உப்புக் கரிக்குமாம், ஆபீசர் சாரு சொன்னாரு.”

நேற்றிலிருந்து அவருக்குப் பால்கூட இறங்கவில்லை. காசிச் செம்பு வாங்கிவர அண்ணன் சீனுவாசன் விழுப்புரத்து மாமா வீட்டுக்குப் போயிருந்தான். அவன் வந்துவிட்டால் கங்கைதான்.

“கெங்கா, ஒடச்சியா?”

“ஒடச்சிக்கினே இருக்கேன்பா.”

கண்ணை மூடிக்கொண்டு குழவியைப் போட்டாள். தாம்பாளம் நெளிந்தது, கல் தெறித்தது. துண்டு துண்டாகத் தடவிப் பார்த்தாள். விரல் நனையவில்லை. கல்லில் நார் உரிக்கப் போனோமே என்று அழுகை முட்டியது. இத்தனை வருஷம் ஆசையாய்க் காத்திருந்த மனுஷனிடம் என்ன சொல்வது?

“கெங்கா...”

“இதோப்பா.”

அடுப்படிக்குப் போய்ப் பானைத் தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டாள். ஜாடியிலிருந்து ஒரு கல் உப்பைப் போட்டு விரலால் கரைத்தாள்.

அப்பா வாயில் கரண்டியால் விட்டாள். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

“கரிக்குது,” என்றார். முகம் மலர்ந்தது. “சொன்னேன் இல்ல?”

“ஆமாம்பா, சொன்ன.”

அடுத்த கரண்டி கடைவாயில் வழிந்தது.

சீனுவாசன் செம்பும் கையுமாக ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“ஜல்தியாத்தான் வந்தேன்... பஸ்ஸு வழியில நின்னுபோச்சி. வாயில ஏதாச்சும் ஊத்துனியா?”

“கல்லுத் தண்ணி குடிச்சிட்டாருண்ணே.”

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். மீதியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். கெங்கம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“உப்பாத்தான் இருக்குது,” என்று சொல்லிக் குலுங்கி அழுதான்.

அவள் அடுப்படிக்குப் போய், திறந்து கிடந்த உப்பு ஜாடியை மூடினாள்.