கல்லின் முணுமுணுப்பு

முதல் அகப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டு மிட்சுயோ கல்லின் பக்கம் காதைச் சாய்த்தாள். சத்தம் வந்தது. கொதித்து இறக்கிய கஞ்சி அடங்குவதுபோல, மெல்லிய முணுமுணுப்பு. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். நின்றதும் அடுத்த அகப்பையை ஊற்றினாள்.

கணவர் கென்சாகு இறந்து பதினோரு மாதம் ஆகிறது. ஊரில் மற்றவர்கள் கல்லறையைக் குழாய்த் தண்ணீரால் கழுவினார்கள். இவள் மட்டும் தினமும் மேலே ஏறிப் போய், சுடுநீர் ஊற்றில் ஒரு வாளி பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசி மாதம் மருத்துவமனையில் அவர் கேட்ட தண்ணீர் அது. “ஊத்துத் தண்ணி ஒரு வாளி கொண்டாந்து காலை மட்டுமாவது நனைச்சு விடேன் மிட்சு.” வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னாள். புதன்கிழமை மதியம் அவர் போய்விட்டார். அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், வாசலில் விழுந்த பனியைத் தள்ளினாள். எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல இருந்தது. இந்தச் சத்தம் ஒன்றுதான் நேராகக் காதுக்குள் வந்தது.

“அண்ணி, இது எந்தத் தண்ணி?”

குரோசே பின்னால் நின்றிருந்தார். கென்சாகுவோடு ஆற்றங்கரை நிலையத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஊற்றுத் தண்ணீர் அப்படியே ஆற்றில் இறங்கினால் மீன் தங்காது, கீழே வயலில் நெல் நிற்காது. பாலத்து ஆணியைக்கூட அரித்துவிடும் அமிலப் புளிப்பு. சுண்ணக்கல்லை மாவாக்கி, கரைத்து, இரவு பகலாக ஆற்றில் விட்டு அந்தப் புளிப்பை முறிப்பதுதான் அவர்கள் வேலை.

“ஊத்துத் தண்ணி” என்றாள்.

குரோசே குந்தி உட்கார்ந்து பெயரின் மேல் விரலை ஓட்டினார். உளியின் கூர்மை போய், எழுத்துகள் நக்கிய மிட்டாய்போல வழுவழுத்திருந்தன. கருங்கல்தான் வழக்கம். கென்சாகு பிடிவாதமாக, தான் தினமும் கரைத்த அதே குவாரிக் கல்லைக் கேட்டு வாங்கிவைத்திருந்தார்.

“அண்ணன் முப்பத்துநாலு வருஷம் கல்லைக் கரைச்சு ஆத்தைக் காப்பாத்தினாரு. நீங்க தண்ணிய ஊத்தி அவரையே கரைச்சிக்கிட்டிருக்கீங்க.” சிரிக்கத்தான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இப்படியே போனா ரெண்டு வருஷத்துல பேரு இருக்காது அண்ணி. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அவருடைய வேலைத் துணிகளில் விழுந்த ஓட்டைகளை எத்தனை வருடம் தைத்திருக்கிறாள். தெரிந்தது எல்லாம் எங்கோ தள்ளி, வேறு யாருக்கோ தெரிந்ததுபோல இருந்தது.

மறுநாள் குரோசே ஒரு பை சுண்ணக்கல் மாவு கொண்டுவந்தார். “வாளிக்கு ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கி, அடங்கினதும் ஊத்துங்க. அதே ஊத்துத் தண்ணிதான். கல்லைக் கடிக்கிற பல்லு மட்டும் இருக்காது.”

அவள் அப்படியே செய்தாள். மாவு வாளிக்குள் பொங்கி, வெள்ளையாகச் சுழன்று அடங்கியது. கல்லின் மேல் ஊற்றினாள். காதைச் சாய்த்தாள். ஒன்றுமில்லை. தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

வருடத் திதிக்கு சென்டாய் நகரிலிருந்து கென்சாகுவின் அக்கா ஃபுசாயே வந்தாள். துறவி மந்திரம் சொல்லிவிட்டுப் போனதும், கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கருங்கல் வைடான்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டானா? ஒரு வருஷ மழைக்கே பேரு மழுங்கிப் போச்சு பாரு.”

குரோசே ஊதுவத்திப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிட்சுயோ நினைத்தால் மழை என்றே விட்டுவிடலாம்.

“மழை இல்லக்கா. நான்தான்.”

வாளியைப் பற்றிச் சொன்னாள். வியாழக்கிழமையைப் பற்றியும், புதன்கிழமையைப் பற்றியும் சொன்னாள். யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோலத்தான் குரல் வந்தது.

ஃபுசாயே கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

“அந்தப் பய எப்பவும் அப்படித்தான்” என்றாள் கடைசியில். “வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னா, புதன்கிழமையே செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பான்.” மூக்கைச் சிந்திக்கொண்டாள். “வா, சோறு ஆறுது. உன் மூஞ்சியப் பாத்தா நீ சாப்பிட்டே ஒரு வருஷம் ஆன மாதிரி இருக்கு.”

“நீங்க போங்கக்கா. வாளியை எடுத்துட்டு வரேன்.”

இருவரும் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. அன்று காலையில் அவள் இரண்டு வாளி கொண்டுவந்திருந்தாள். ஒன்று மாவு கலந்தது, காலியாகிவிட்டது. மற்றதில் எதுவும் கலக்கவில்லை. ஏன் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கல்லில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் இருந்தது. இன்னும் உயிரோடிருப்பதால் சிவப்புச் சாயம் பூசிய எழுத்துகள். சாயம் காத்ததில் ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருந்தன. அவள் அவர் பெயரின் மேல் உள்ளங்கையை அழுத்தி மூடிக்கொண்டு, மறு கையால் மாவு கலக்காத தண்ணீரை அகப்பையில் மொண்டு தன் பெயரின் மேல் சாய்த்தாள். சிவப்பில் ஒரு செதில் உரிந்து, நீரோடு இறங்கி, அவள் மணிக்கட்டில் ஒட்டியது. கன்னத்தைக் கல்லோடு வைத்துக்கொண்டாள். கல் முணுமுணுக்கத் தொடங்கியது.